பிங்குன் சக்கரம் கேட்ட கதை

ஐம்பத்து நாலு வயது பிறப்பதற்குள் சைக்கிளிலேயே வூலிங் கணவாய்க்கு ஏறிவிடுவது என்று லியாவ் பிங்குன் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தார். சாதாரண முடிவு இல்லை. பல் துலக்கிக்கொண்டே எடுத்த முடிவு. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "ஏறிக் காட்டுறேன் பார்" என்றார். யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள். அந்தக் குளியலறையில் அவரைத் தவிர ஒரு பல்லிதான் இருந்தது.

வூலிங் மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். தைவானில் சைக்கிள் மிதிக்கிற ஆண்பிள்ளைகளுக்கு அதன் உச்சியில் நின்று, சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் ஜென்மம் சாபல்யம். பிங்குனுக்குத் தையல் மிஷின் உதிரி செய்யும் ஆலையில் தர ஆய்வாளர் வேலை. நாள் முழுக்க நாற்காலி. தெருவில் வரும்போது முதலில் வயிறு வரும், சற்றுப் பொறுத்து அவர் வருவார்.

எங்கள் ஊரில் 'இரும்புத் தொடை' என்று ஒரு சைக்கிள் குழு உண்டு. ஐந்து பேர். ஐந்து பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரைத் தொடை தேறும். முடிவெடுத்த அடுத்த மாதமே பிங்குன் அவர்களோடு கிளம்பி, மலையடிவாரத்திலிருந்து வூஷே வரைக்கும் போனார். அது பாதி வழிகூட இல்லை. வூஷேயில் ஒரு கடையில் தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த முட்டை பிரமாதமாக இருந்தது. நாலு முட்டை சாப்பிட்டார். அதற்கு மேல் மலை அவரை விடவில்லை.

தோற்றது காலா, மூச்சா, முட்டையா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்க விடாமல் பார்த்துக்கொண்டவர் வெய். குழுவின் தலைவரும் வெய்தான், ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவரும் வெய்தான்.

"உன் கால்ல ஒரு குறையும் இல்ல பிங்குன். பெடல்தான் கனம்" என்றார் வெய்.

பெடலை மாற்றினார்கள். மறு வாரம் ஆற்றங்கரைப் பாதையில் மூச்சு வாங்கியது. "பெடல் சரியாயிடுச்சு. இப்ப சீட்டுதான் இழுக்குது" என்றார் வெய். சீட்டை மாற்றினார்கள். பிறகு ஹேண்டில்பார், பிறகு பாட்டில் மாட்டும் கம்பி. பாட்டில் கம்பியில் பதினொரு கிராம் குறைந்தது என்று பிங்குன் ஆலையில் எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது கையில் பன்றி இறைச்சி வைத்த பன் இருந்தது.

குளிர்காலம் முழுக்க வீட்டுக்குப் பெட்டி பெட்டியாக வந்தது. தோலோடு ஒட்டுகிற சட்டை. வெயில் படாமல் கைக்குப் போடும் உறை. நடந்தால் தரையில் டக் டக்கென்று அடிக்கிற செருப்பு. இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று சொல்லும் பட்டை. பின்னால் வண்டி வந்தால் கீச்சென்று கத்தும் ஒரு கருவிகூட வாங்கினார். லாரி வந்தால் கத்தியது, பேருந்து வந்தால் கத்தியது, நாய் வந்தால்கூட ஒருமுறை கத்தியது. மனைவி பின்னால் வந்து நிற்பதை மட்டும் அது கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

மனைவி பெயர் லீஜூ. வீட்டின் கீழ்த்தளத்திலேயே டிபன் கடை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கல் சூடாகும். முட்டைச் சுருள், முள்ளங்கிப் பணியாரம், சோயா பால். பதினொரு மணிக்குக் கடை மூடினால் கல்லைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். கோபம் வந்தாலும் குரல் உயராது. "லியாவ் ஐயா" என்று கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். "ஆகுன்" என்று கூப்பிட்டால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் பிங்குன் இதை மட்டும்தான் கற்றுக்கொண்டார்.

மாவு நிறுக்கிற தராசில் அவர் சைக்கிள் சீட்டை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கு, "லியாவ் ஐயா" என்றாள்.

"இதோ எடுத்துடறேன். ஒரே நிமிஷம்."

"அது என்ன சீட்டு? நடுவுல ஓட்டையா இருக்கு."

"அப்படித்தான் வரும்."

"பாத்து வாங்கக் கூடாதா? குறைச் சரக்கைத் தள்ளி விட்டிருக்கான் வெய். திருப்பிக் குடு."

"அந்த ஓட்டைதான் லீஜூ விசேஷம். பழைய சீட்டுக்கும் இதுக்கும் எழுபத்தாறு கிராம் வித்தியாசம்."

"நேத்து ரெண்டாவது தடவை நூடுல்ஸ் வாங்கி ஊத்திக்கிட்டியே, அது எத்தனை கிராம்?"

பிங்குன் தராசைத் துடைத்து வைத்துவிட்டு நகர்ந்தார்.

புத்தாண்டு முடிந்ததும் கடையில் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்து ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் டிபன் பொட்டலம் கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்த குவோ அக்கா, மகளுக்குப் பிரசவம் பார்க்கக் காவ்ஷியுங் போனவர், இனி அங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு கையால் சுருளைத் திருப்பி, மறு கையால் போனை எடுத்து, "ஆள் இல்லைங்க, நீங்களே வந்து வாங்கிக்கங்க" என்று சொல்லிச் சொல்லி லீஜூவுக்கு அலுத்துவிட்டது. வருகிற வேலையை விடுவதில் அவளுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

"ஆகுன்" என்றாள் ஒருநாள்.

பிங்குன் உஷாரானார்.

"உனக்கு ஆலை எட்டு மணிக்குத்தானே? காலையில ஒரு மணி நேரம் பொட்டலம் கொண்டு குடுத்துட்டு வாயேன்."

"காலையில எனக்குப் பயிற்சி இருக்கே."

"நீ ஏழு மணிக்குத்தானே எழுந்திரிக்கிற?"

"தூக்கமும் பயிற்சிதான். தசை வளர்றதே தூங்கும்போதுதான். வெய்யைக் கேட்டுப் பாரு."

"உன் தசை ராத்திரி பத்து மணியிலேர்ந்து வளருது. இன்னும் வளர்ந்து முடியலையா?"

"அம்பத்து மூணு வயசுல மெதுவாத்தான் வளரும்."

லீஜூ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் கல்லுக்குத் திரும்பிவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் மற்றவர்கள் பயப்படுவார்கள். பிங்குன் மட்டும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஏப்ரல் மாதம் வெய் கடைசி நோயைக் கண்டுபிடித்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டோம். இனிமே பாக்கி சக்கரம்தான்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு கார்பன் சக்கரத்தை எடுத்து வந்து பிங்குனின் கையில் வைத்தார். "சுத்தி விடு."

பிங்குன் சுற்றி விட்டார். அது சுற்றியது. நிற்கிற எண்ணமே இல்லாமல் சுற்றியது. கறுப்புப் பளபளப்பில் அவருடைய முகம் தெரிந்தது. அந்த முகம் ஏற்கெனவே வூலிங் உச்சியில் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிங்குனுக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, இரண்டாவது கிண்ணம் இறங்கவில்லை.

சனிக்கிழமை கடை மூடும் நேரம் பார்த்துக் கீழே இறங்கினார். ஈரத்துணியை எடுத்து மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தார். லீஜூ கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன வாங்கணும்?"

"மேசைதானே துடைக்கிறேன்."

"பதினெட்டு வருஷமா அந்த மேசை அங்கதான் கிடக்கு. இன்னைக்குத்தான் உன் கண்ணுல பட்டுச்சா?"

பிங்குன் அசடு வழிந்தார். "ஒரு ஜோடி சக்கரம்."

"ஏற்கெனவே ரெண்டு இருக்கே."

"அது அலுமினியம்."

"உருளுதா இல்லையா?"

"உருளுது. ஆனா..."

"உருள்றதுதானே சக்கரத்தோட வேலை? அதுக்கு மேல அது என்ன செய்யணும், பாடணுமா?"

"இது கார்பன், லீஜூ. ரெண்டு சக்கரமும் சேந்தே ஆயிரத்து முந்நூறு கிராம்தான். இது இல்லாம நவம்பருக்குள்ள என்னால வூலிங் ஏற முடியாது. நவம்பர்ல எனக்கு அம்பத்து நாலு. அப்புறம் ஏறி என்ன, ஏறாட்டி என்ன?"

கடைசி வாக்கியத்தை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இளவட்டத்தில் எத்தனையோ செய்வதாகச் சொல்லி ஒன்றையும் செய்யாத மனுஷர் அவர். ஒரு மலையாவது ஏறிவிட வேண்டும் என்று நிஜமாகவே ஏங்கினார்.

லீஜூ சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா சரின்னு சொல்லவும் பயமா இருக்கு. இந்த வயசுல, அவ்வளவு வேகமா ஓடுற சக்கரத்துல, மலையில நீ போயி எங்கயாவது விழுந்து வச்சா? சரின்னு சொன்னவ நான்தானேன்னு காலத்துக்கும் உறுத்தும். இதெல்லாம் நாமளா முடிவு பண்ற விஷயமா, ஆகுன்? பெரிய இடத்துல யாராவது சொன்னாத் தேவலை."

பிங்குனின் மூளையில் விளக்கு எரிந்தது.

"அப்ப மாஸு அம்மன்கிட்டயே கேட்டுடலாம். கட்டை போட்டுப் பாத்துடலாம். அம்மன் சரின்னு சொல்லிட்டா நீ குறுக்க பேசக் கூடாது."

"அம்மன் சொன்ன பிறகு நான் யாரு பேச?" என்று சொல்லிவிட்டு லீஜூ மறுபடி கல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள். நல்ல யோசனை என்று பிங்குன் தன்னைத் தானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பேர் வைப்பதிலிருந்து கார் வாங்குவது வரைக்கும் மாஸு அம்மனைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. பிறை மாதிரி வளைந்த இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் மேடு. கும்பிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டு, கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று மேடுமாக விழுந்தால் அம்மனுக்குச் சம்மதம். இரண்டும் மேடாக விழுந்தால் முடியாது என்று அர்த்தம். இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேட்டதில் ஏதோ கோளாறு. பெரிய விஷயம் என்றால் தொடர்ந்து மூன்று தடவை சம்மதம் வர வேண்டும்.

இங்கேதான் பிங்குன் ஒரு காரியம் செய்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். தர ஆய்வாளர் இல்லையா? எதையும் சோதித்துப் பார்க்காமல் இறங்க மாட்டார். பழைய பிரேக் கட்டை இரண்டை எடுத்தார். அதுவும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. அன்று மத்தியானமே மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், துணி காயும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து போட்டுப் பழகினார். இடது கைக் கட்டையை ஒரு விரல் சாய்த்து, தொப்புள் உயரத்திலிருந்து விட்டால் பத்துக்கு ஏழு தடவை சம்மதம் விழுந்தது. அம்மனை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. ஏமாற்றவில்லை, அம்மனுக்கு உதவிதான் செய்கிறோம் என்று சொல்லிச் சமாதானம் ஆனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். பிங்குன் இரும்புத் தொடைகளையும் வரச் சொல்லியிருந்தார். ஊரறிய நடந்தால் லீஜூ பின்னால் மாற்றிப் பேச முடியாது பாருங்கள். வெய் சக்கரத்தின் படம் போட்ட அட்டையைக்கூடக் கையில் கொண்டு வந்திருந்தார். அம்மன் பார்க்க ஆசைப்பட்டால் காட்டலாம் என்று.

கட்டைகள் பிரேக் கட்டை அளவு இல்லை. ஒவ்வொன்றும் பெரிய வாழைப்பழம் அளவு, மூங்கில் வேரில் செய்தது. பிங்குனுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. ஆனாலும் மண்டியிட்டார். பேர் சொன்னார், பிறந்த தேதி சொன்னார், வீட்டு விலாசம் சொன்னார். "அம்மா, நான் சக்கரம் வாங்கலாமா?" என்று கேட்டு, இடது கையை ஒரு விரல் சாய்த்து விட்டார்.

இரண்டும் தட்டை. அம்மன் சிரித்தாள்.

"சக்கரம்னா எதுக்கான சக்கரம், எத்தனை சக்கரம்? விளங்கச் சொல்லுங்க" என்றார் ஊதுபத்தி எடுத்துக் கொடுக்கும் அம்மாள். அவர் பேர் ஷி. முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் கட்டை விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கார்பன், ஆயிரத்து முந்நூறு கிராம்" என்றார் பிங்குன். போட்டார். மறுபடியும் இரண்டும் தட்டை. இப்போது அம்மனோடு சேர்ந்து கூட்டத்திலும் நாலு பேர் சிரித்தார்கள்.

லீஜூ அவர் காதருகே குனிந்தாள். "சும்மா குடு குடுன்னா எப்படிக் குடுப்பாங்க? பதிலுக்கு நீ என்ன செய்வேன்னு சொல்லணும்ல?"

"ஆமா, அதைச் சொல்லவே இல்லையே" என்றார் ஷி அம்மாள்.

"ஒரு தட்டு ஆரஞ்சு வைக்கிறேம்மா" என்றார் பிங்குன்.

இரண்டும் மேடு.

"அன்னாசிக் கேக்கும் சேத்து வைக்கிறேன். பெரிய பெட்டி."

மேடு.

"கேக்கை வச்சு அம்மனை மடக்கப் பாக்குறியா? நீ எதுல பெரிய ஆளோ அதை அம்மனுக்குக் குடு" என்றாள் லீஜூ.

பிங்குன் யோசித்தார். தான் எதில் பெரிய ஆள்? யோசித்த அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் ஒரே வரிசையில் கூடி வந்தது. அம்மனுக்கு மலை மேலே இன்னொரு கோயில் உண்டு. மேல் கோயில் என்போம். ஆறு கிலோமீட்டர் ஏற்றம். கூரை பிரித்து வேலை நடந்தாலும் பூசை நடக்கிறது. தினமும் காலையில் சைக்கிளில் அங்கே போய்க் கும்பிடுவதாக வேண்டிக்கொண்டால்? அம்மனுக்கு வேண்டுதல், நமக்குப் பயிற்சி. முக்கியமாக, பொட்டலம் கொண்டு போ என்று லீஜூ இனி வாயைத் திறக்க முடியாது. சாமி காரியமாகப் போகிறவனை யார் தடுப்பது? அடேங்கப்பா, நமக்கும் மூளை வேலை செய்கிறதே என்று பிங்குனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"தினமும் காலையில சைக்கிள்லயே மேல் கோயிலுக்கு வந்து உன்னைக் கும்பிடுறேம்மா" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

"காலையிலன்னா எத்தனை மணி? எத்தனை நாள்? மொட்டையாச் சொல்லாத" என்றாள் லீஜூ.

"ஆறரை மணிக்குள்ள. நூறு நாள்."

போட்டார். மேடு.

"ஒரு வருஷம்."

போட்டார். ஒன்று தட்டை, ஒன்று மேடு.

கூட்டம் நெருங்கி வந்தது. இரண்டாவது தடவை போட்டார். சம்மதம். வெய் படத்து அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை போடப் போகையில் லீஜூ மெல்ல, "மழை பெஞ்சா வருவியா, அதையும் சொல்லிடு" என்றாள்.

"மழையோ வெயிலோ வருவேன். புயல் லீவு விட்டா மட்டும் மன்னிச்சுடும்மா" என்றார் பிங்குன்.

கட்டைகள் விழுந்தன. ஒன்று கவிழ்ந்து மேடு காட்டியது. இன்னொன்று தரையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் யோசித்து, தட்டையாகப் படுத்தது. கூடத்தில் கைதட்டல். இரும்புத் தொடைகள் பிங்குனைத் தூக்கப் பார்த்தார்கள். முடியாததால் முதுகில் தட்டினார்கள். ஷி அம்மாள் வேண்டுதல் சீட்டில் எல்லாவற்றையும் எழுதி, பிங்குனின் கைரேகையை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பிங்குன் பெருந்தன்மையோடு பேசினார். "பொட்டலம் குடுக்க உனக்கு ஒத்தாசை செய்யலாம்னுதான் இருந்தேன் லீஜூ. இனிமே முடியாதே. அம்மன் விஷயமாப் போச்சு."

"அதுக்கென்ன, சாமி காரியம் முக்கியம்" என்றாள் லீஜூ. முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. பிங்குன் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை சக்கரம் வந்தது. சுண்டு விரலில் தூக்கிக் காட்டினார். லீஜூவும் தூக்கிப் பார்த்து, "ஆமா, ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டாள். வெய் கடையில் சக்கரத்தை மாட்டி, சாயங்காலம் தானே கொண்டு வந்து விடுவதாகச் சொன்னார். பிங்குன் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தார். தோலோடு ஒட்டும் சட்டை, கை உறை, டக் டக் செருப்பு, மார்பில் பட்டை. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நேர்த்தியாக உடுத்தவில்லை. படியிறங்கிக் கீழே வந்தார். கடை வாசலில் சைக்கிள் நின்றது. கறுப்புச் சக்கரங்கள் தெருவிளக்கில் மின்னின. அவற்றுக்கு மேலே, பின்பக்கம், ஒரு இரும்புத் தாங்கி இருந்தது. தாங்கியின் இரு பக்கமும் இரண்டு பெரிய பைகள் தொங்கின. பைகளிலிருந்து ஆவி வந்தது. பையில் 'லீஜூ டிபன் கடை' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

பிங்குன் பேந்தப் பேந்த விழித்தார்.

"இது என்ன?"

"நீதான் ஆறு மாசமா வாங்கினியே, அந்த மாதிரி சாமான்தான். நான் ரெண்டு வாங்கினேன்" என்றாள் லீஜூ, சுருளைத் திருப்பிக்கொண்டே.

"உள்ள என்ன இருக்கு?"

"இருபது முட்டைச் சுருள், இருபது சோயா பால். மேல் கோயில்ல கூரை வேலை செய்றவங்களுக்கு. ஆறரைக்கு வேணுமாம். நீ எப்படியும் ஆறரைக்கு அங்க இருப்பல்ல?"

"நான் கும்பிடத்தான் போறேன்னு வேண்டிக்கிட்டேன். பொட்டலம் தூக்குறேன்னு சொல்லவே இல்ல."

"தூக்க மாட்டேன்னும் சொல்லலையே."

"இது பன்னெண்டு கிலோ இருக்கும் லீஜூ."

"பன்னெண்டு கிலோ முந்நூறு. நிறுத்துட்டேன்."

ஆறு மாதத்தில், பெடலிலிருந்து சக்கரம் வரைக்கும், பிங்குன் சைக்கிளில் குறைத்தது மொத்தம் ஒரு கிலோ நூறு கிராம். அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

"வெய்தான் இதை மாட்டினானா? அவனா?"

"நல்ல மனுஷன். பை ஆடாம இருக்க இன்னொரு கம்பியும் போட்டுக் குடுத்தார்."

"சரி, குடு. ஸ்கூட்டர்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

லீஜூ சுருளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பார்வையில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சைக்கிள்லயேன்னு வேண்டிக்கிட்டியே, ஆகுன். கைரேகை வச்சிருக்கியே. எனக்காகன்னா ஸ்கூட்டர்லயே போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அம்மனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அதற்கு மேல் என்ன பேச முடியும்? பிங்குன் சைக்கிளில் ஏறினார். மிதித்தார்.

முதல் கிலோமீட்டரில் கோபம் வந்தது. இரண்டாவதில் வியர்வை வந்தது. மூன்றாவது வளைவில் மார்புப் பட்டை கத்த ஆரம்பித்தது, அதைக் கழற்றிப் பையில் போட்டார். நாலாவதில் கீரைக்கட்டோடு நடந்து போன ஒரு அம்மாள் அவரைத் தாண்டிப் போனாள். ஐந்தாவதில் ஒன்றும் தோன்றவில்லை, சோயா பால் பைக்குள் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது. சக்கரம் நல்ல சக்கரம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் உருண்டது. முனகியது எல்லாம் மேலே இருந்த ஆள்தான்.

ஆறு இருபத்தெட்டுக்கு மேல் கோயில் வாசலில் காலை ஊன்றினார். தொடை நடுங்கியது. ஆனால் வந்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆறு கிலோமீட்டர் ஏற்றத்தை எங்கேயும் நிற்காமல் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு வருஷம் ஏறினால் வூலிங் என்ன, அதற்கு மேலேயும் போகலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. லீஜூ என்னவோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைக்கிறாள், கடைசியில் லாபம் நமக்குத்தான் என்று தேற்றிக்கொண்டார். நான் வேண்டிக்கொண்டதைப் பார்த்த பிறகுதானே அவளுக்கு இந்தப் பொட்டல யோசனையே வந்திருக்கும்? முதல் யோசனை என்னுடையதுதானே?

சாரத்தின் மேலிருந்து ஆட்கள் சரசரவென்று இறங்கி வந்தார்கள். கூரை மேஸ்திரி ஹோங் முதல் ஆளாக வந்து பையைத் திறந்து, சூடான சுருளை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"வாங்க லியாவ் அண்ணே. ஒரு மாசமா உங்க வழியைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்."

"ஒரு மாசமாவா?" பிங்குனுக்குப் புரியவில்லை. "நான் வேண்டிக்கிட்டதே போன ஞாயித்துக்கிழமைதானேய்யா."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுண்ணே. வேலை ஆரம்பிச்ச அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட டிபன் கேட்டோம்" என்றார் மேஸ்திரி, சோயா பாலில் குழாயைக் குத்திக்கொண்டே. "தினமும் மேல கொண்டு வர ஆள் ரெடியா இருக்கு, ஆனா இன்னும் புதுச் சக்கரம் கேக்கலை, கேட்ட வாரமே அனுப்பிடறேன்னாங்க."